ஸ்மார்ட் வகுப்பில் என்ன கோளாறு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நான் முதன்முதலில் ப்ரொஜெக்டர் வைத்துப் பாடம் நடத்தப் போனது எட்டாம் வகுப்புக்கு. இதயம் பற்றிய பாடம். இரண்டு இரவு உட்கார்ந்து படங்கள் சேர்த்திருந்தேன். வகுப்பில் போய் ஒயரை மாட்டினால் சுவரில் வெறும் நீலம். பிடுங்கி மாட்டினேன், அணைத்துப் போட்டேன், கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்தினேன். 40 நிமிடப் பிரிவேளையில் 15 நிமிடம் போய்விட்டது. பிள்ளைகள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அப்புறம் மூன்று மாதம் அந்தப் பெட்டியைப் பீரோவிலிருந்து எடுக்கவே இல்லை. கோளாறு என்னவென்றால், ஒயர் ஒரு துளையில் இருந்தது, ப்ரொஜெக்டர் வேறு துளையிலிருந்து படத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. 'சோர்ஸ்' பொத்தானை ஒருமுறை அழுத்தியிருந்தால் போதும்.

அந்த மூன்று மாதம்தான் இன்னும் உறுத்துகிறது. ஒரு பொத்தானுக்காக ஒரு வகுப்பு பல பாடங்களைக் கண்ணால் பார்க்காமல் போயிற்று. அதனால் ஒவ்வொரு கோளாறையும் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் போனில் கேட்டாலும் அதைப் பார்த்துத்தான் சொல்வேன். அந்த நோட்டில் உள்ளதை இங்கே தருகிறேன். கோளாறின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதுக்கு என்ன கேட்கிறது என்பதை வைத்துத் தேடிப் படியுங்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பதற்றத்தில் ஒயரையும் மாற்றி, பொத்தானையும் அழுத்தி, லேப்டாப்பையும் அணைத்துப் போட்டால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தவிக்க வேண்டும்.

சுவரிலிருந்து திரை வரை வரிசையாகப் போங்கள். பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிறதா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச் போட்டிருக்கிறதா, ஒயரின் இரு முனையும் அழுந்த உட்கார்ந்திருக்கிறதா, அப்புறம் ப்ரொஜெக்டர், கடைசியில்தான் லேப்டாப்புக்குள் இருக்கும் அமைப்புகள். நம்மில் பலர் கடைசியிலிருந்து தொடங்குகிறோம்.

ஐந்து நிமிடம் கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சரியாகவில்லை என்றால் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் பாடத்தைத் தொடங்கிவிடுங்கள். கோளாறை மாலையில் பார்க்கலாம். பிள்ளைகளின் நேரம் திரும்பி வராது.

இன்னொன்று, எல்லாம் ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் ப்ரொஜெக்டரின் பின்பக்கத்தையும் லேப்டாப்பின் பக்கவாட்டையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

அறிகுறி: ப்ரொஜெக்டர் எரிகிறது, சுவரில் 'நோ சிக்னல்'

முதலில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்று எழுதிய பொத்தானை அழுத்துங்கள். எச்.டி.எம்.ஐ. 1, எச்.டி.எம்.ஐ. 2, வி.ஜி.ஏ. என்று ஒயர் மாட்டும் துளைகளின் பெயர் ஒவ்வொன்றாக மாறும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு விநாடி பொறுங்கள். உடனுக்குடன் அழுத்திக்கொண்டே போனால் படம் வரும் நேரத்தில் நீங்கள் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

வரவில்லையா? லேப்டாப்பில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'பி' விசையைத் தட்டுங்கள். ஓரத்தில் நான்கு தேர்வுகள் வரும். 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் தெரிவது அப்படியே சுவரிலும் தெரியும்.

அதற்கும் வரவில்லை என்றால் ஒயர் மாட்டியபடியே லேப்டாப்பை மட்டும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்புறம் வேறு ஒயர் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

பழைய நீல முனை ஒயர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வி.ஜி.ஏ. முனையில் மூன்று வரிசையாக 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. முனையைக் கோணலாக அழுத்தினால் ஏதாவது ஓர் ஊசி வளைந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஊசிகளில் வருவதால், எந்த ஊசி போயிற்று என்பதைச் சுவரின் நிறமே சொல்லிவிடும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. ஊதா கலந்த ரோஸ் நிறமாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. (ஒளியின் நிறக்கலப்பு பாடம் நடத்துகிறவர்கள் இந்தக் கோளாறைப் பிள்ளைகளிடம் காட்டியே கேள்வி கேட்கலாம்.) முனையைக் கழற்றி நேராக மாட்டி இரு பக்கத் திருகுகளையும் திருகினால் பெரும்பாலும் சரியாகும். வளைந்த ஊசியை, ஒயரைக் கழற்றிய பிறகு, மெல்லிய கிடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம். சில வி.ஜி.ஏ. முனைகள் ஓரிரு ஊசி இல்லாமலே செய்து வருவதுண்டு. காலியிடம் இருந்தால் உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

புது லேப்டாப்பில் வி.ஜி.ஏ. துளையே இருக்காது. அதற்குக் கடையில் கன்வெர்ட்டர் கேட்கும்போது 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு' என்று திசையைச் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தச் சாதனம் ஒரு திசையில்தான் வேலை செய்யும். தலைகீழ் வகையை வாங்கி வந்து, ப்ரொஜெக்டர் பழுது என்று ஓரமாக வைத்துவிட்ட பள்ளிகள் எனக்குத் தெரியும்.

அறிகுறி: எனக்குப் படம் தெரிகிறது, பிள்ளைகளுக்கு வெறும் பின்னணிப் படம்தான் தெரிகிறது

இது பழுதே இல்லை. 'எக்ஸ்டெண்ட்' தேர்வில் இருக்கிறீர்கள். சுவர் உங்கள் லேப்டாப்பின் நீட்சியாக, இரண்டாவது மேசை மாதிரி ஆகியிருக்கிறது. மேலே சொன்ன விண்டோஸ் விசை, 'பி', 'டூப்ளிகேட்'.

டூப்ளிகேட்டில் ஒரு கவனம் வேண்டும். உங்களுக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியும் சுவரில் தெரியும். வகுப்புக்குப் போகும் முன் லேப்டாப்பில் திறந்திருக்கும் வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். மாணவர் விவரங்களும் மதிப்பெண் பட்டியலும் உள்ள கோப்புகளை முகப்புத் திரையில் வைக்காதீர்கள். ஒரு பிள்ளையின் சாதிச் சான்றோ குடும்ப நிலையோ மற்றப் பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது.

அறிகுறி: படம் ஓடுகிறது, "டீச்சர், சவுண்டு வரல"

எச்.டி.எம்.ஐ. ஒயர் படத்தோடு ஒலியையும் எடுத்துப் போய்விடும். லேப்டாப் தன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஒலியை ப்ரொஜெக்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ப்ரொஜெக்டரில் ஸ்பீக்கர் இருக்காது, இருந்தாலும் முணுமுணுக்கும். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கி, ஒலி எங்கே போக வேண்டும் என்பதை நீங்கள் மாற்ற வேண்டும். வி.ஜி.ஏ. ஒயர் ஒலியைக் கொண்டுபோகாது. அதற்கு லேப்டாப்பின் இயர்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்குத் தனி ஒயர் தேவை.

புளூடூத் ஸ்பீக்கர் என்றால் அது யாரோ ஒருவர் போனோடு ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வகுப்பு சார் நேற்று பயன்படுத்தியிருப்பார். அவர் போனில் புளூடூத்தை அணைக்கச் சொல்லிவிட்டு உங்களுடையதை இணையுங்கள்.

ஒலியோடு 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் சேர்ந்து வருகிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது மின் இணைப்பு வழியாக வருவது. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் குறையும்.

ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள். முன்வரிசைப் பிள்ளைகளின் கால்களே ஒலியைத் தடுத்துவிடும். மேசைமேல், பிள்ளைகளின் காது உயரத்துக்கு வையுங்கள்.

அறிகுறி: படம் மங்கல், அல்லது 20 நிமிடத்தில் ப்ரொஜெக்டர் தானாக அணைகிறது

மங்கலுக்கு முதல் காரணம் ஜன்னல். திரைச்சீலை இல்லாத வகுப்பில் நடுப்பகல் வெயிலோடு எந்த ப்ரொஜெக்டரும் போட்டி போட முடியாது. முடிந்தால் அந்தப் பாடத்தை முதல் பிரிவேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஜன்னல் இல்லாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். ப்ரொஜெக்டரைச் சுவருக்கு அருகே நகர்த்தினால் படம் சிறிதாகும், ஆனால் வெளிச்சம் கூடும். அடுத்து, அமைப்புகளில் 'எகோ' என்ற சிக்கன நிலை இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

தானாக அணைவதற்கு நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் காரணம் சாக்பீஸ் தூள். ப்ரொஜெக்டரின் உள்ளே சூடு அதிகம். விசிறி வெளிக்காற்றை இழுத்து அதைக் குளிர்விக்கிறது. காற்று நுழையும் இடத்தில் ஒரு வடிகட்டி இருக்கும். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ப்ரொஜெக்டரை வைத்து, டஸ்டரையும் அங்கேயே தட்டினால், சில மாதங்களில் அந்த வடிகட்டி வெள்ளைப் போர்வை போர்த்திக்கொள்ளும். காற்று போகாது, சூடு ஏறும், கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். 'டெம்ப்' என்று எழுதிய விளக்கு எரிந்தால் இதுதான். பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்டு, வடிகட்டி மூடியைத் திறந்து, உலர்ந்த மென்தூரிகையால் தட்டியெடுங்கள். தண்ணீர் வேண்டாம். மாதம் ஒருமுறை செய்தால் போதும். எங்கள் பள்ளியில் சம்பள நாளன்று செய்வது என்று வைத்திருக்கிறோம், அதனால் மறப்பதில்லை.

'லேம்ப்' விளக்கு எரிந்தால் அது வேறு. பல்பின் ஆயுள் முடிகிறது என்று பொருள். அதை நாமே திறக்க வேண்டாம்.

பாடம் முடிந்ததும் சுவர் சுவிட்சை நேரடியாக அணைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பல்பு வகை ப்ரொஜெக்டருக்கு அது கெடுதல். ரிமோட்டில் அணைத்து, விசிறி நிற்கும்வரை காத்திருந்து, பிறகு சுவிட்சை அணையுங்கள். இடையில் கரண்ட் போய்விட்டால், வந்ததும் உடனே போடாமல் சில நிமிடம் ஆறவிடுங்கள்.

படம் கோணலாக, மேலே அகன்று கீழே குறுகித் தெரிந்தால் 'கீஸ்டோன்' பொத்தான் நேராக்கும். ஆனால் முதலில் ப்ரொஜெக்டரையே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். கீஸ்டோனை அதிகம் பயன்படுத்தினால் எழுத்து கூர்மை இழக்கும். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு அது பெரிய வித்தியாசம்.

அறிகுறி: ஸ்மார்ட் போர்டில் படம் வருகிறது, தொட்டால் அசையவில்லை, அல்லது தொடாமலே அசைகிறது

லேப்டாப்பை போர்டோடு இணைக்கும்போது ஒரே ஒயர் போதும் என்று நினைக்கிறோம். எச்.டி.எம்.ஐ. படத்தைப் போர்டுக்குக் கொண்டுபோகிறது. நீங்கள் தொட்டது எங்கே என்ற செய்தி போர்டிலிருந்து லேப்டாப்புக்குத் திரும்பி வர யு.எஸ்.பி. ஒயர் தனியாக வேண்டும். போர்டில் அந்தத் துளையின் மேல் 'டச்' என்று எழுதியிருக்கும். அதை மாட்டினால் விரல் வேலை செய்யும்.

தொட்ட இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறு என்றால் அமைப்புகளில் 'கேலிபரேஷன்' என்று இருக்கும். திரையில் வரும் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் சரியாகும்.

தொடாமலே அசைவதுதான் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும், ஆசிரியரைக் கலங்க வைக்கும். காரணம் தெரிந்தால் கலங்க வேண்டியதில்லை. நம் பள்ளிகளுக்கு வரும் போர்டுகளில் பல அகச்சிவப்புக் கதிர்களால் தொடுதலை அறிபவை. சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் திரையின் மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. எது அந்தக் கதிரை மறித்தாலும் போர்டுக்கு அது விரல்தான். ஓரத்தில் படிந்த தூள், யாரோ ஒட்டிய ஸ்டிக்கர், சிலந்தி வலை, ஒரு பூச்சி போதும். அணைத்துவிட்டு உலர்ந்த துணியால் சட்டத்தின் உள் ஓரத்தைச் சுற்றித் துடைத்தால் பத்தில் ஒன்பது முறை தீர்ந்துவிடும். ஜன்னல் வெயில் நேராகச் சட்டத்தில் விழுந்தாலும் இப்படி ஆகும், ஏனென்றால் வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது.

விரலுக்கு முன்னால் வேறு எதுவும் படக் கூடாது. "நான் எழுதினா மட்டும் சரியா வரலை" என்று ஒரு மாணவி சொன்னாள். பார்த்தால் அவள் வளையல் திரையை உரசிக்கொண்டிருந்தது. எனக்கும் புடவைத் தலைப்பு பலமுறை 'அடுத்த பக்கம்' புரட்டியிருக்கிறது.

அறிகுறி: தமிழ் எழுத்து ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது

இது நம் மொழிக்கென்றே உள்ள கோளாறு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பத்து ஆண்டு உழைத்துச் சேர்த்த வினாத்தாள்களைத் திறக்க முடியாமல் நின்ற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கிறதா? பாமினியில் அது 'தமிழ்' என்ற சொல்.

நாளை காலை வகுப்புக்கு அவசரமாக வேண்டும் என்றால், கோப்பு சரியாகத் தெரியும் கணினியிலேயே அதைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து எடுத்து வாருங்கள். பி.டி.எஃப். எழுத்துருவையும் தன்னோடு கட்டிக்கொண்டு வரும்.

நிரந்தரத் தீர்வு வேண்டும் என்றால் உலகப் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. பழைய எழுத்துரு எது என்று தேர்ந்தெடுத்து, ஒட்டி, மாற்றலாம். மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தே ஆக வேண்டும். கோப்பில் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும். மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் அடிக்கடி தடுமாறும். அறிவியல் வினாத்தாளில் வேதிக் குறியீடுகளைக் கட்டாயம் பாருங்கள்.

இனி தட்டச்சு செய்வதை யூனிகோடிலேயே செய்யுங்கள். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. போனில் தட்டினாலும் கணினியில் தட்டினாலும் அதே எழுத்து, எங்கேயும் தெரியும், தேடினாலும் கிடைக்கும். 1999-இல் வந்த தமிழ் 99 விசைப்பலகை இப்போதைய விண்டோஸில் உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வரிசை பெரும்பாலும் வலக்கைப் பக்கம் என்று அமைத்திருப்பதால், இரண்டு வாரம் பழகினால் கை தானாக ஓடும். நான் 48 வயதில் கற்றுக்கொண்டேன்.

எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பு நல்ல யூனிகோடுதான், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கொம்பும் புள்ளியும் இடம் மாறித் தெரிந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழை அடுக்கத் தெரியவில்லை. இரண்டுக்குமே அவசர மருந்து மறுபடியும் பி.டி.எஃப்.தான்.

அறிகுறி: வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது

வகுப்பில் இணையத்தை நம்பாதீர்கள். இணையம் நன்றாக வரும் பள்ளியிலும்கூட இதைத்தான் சொல்வேன். தேவையான வீடியோவை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். திக்‌ஷா செயலியில் பாடங்களை இறக்கிவைத்து இணையம் இல்லாமலே பார்க்க முடியும். யூடியூப் செயலியில் இறக்கியது அந்தச் செயலிக்குள் மட்டுமே ஓடும், பென்டிரைவில் ஏற்ற முடியாது. அதை நினைவில் வையுங்கள்.

பாடநூலில் உள்ள விரைவுக் குறியீட்டுக் கட்டம் (கியூ.ஆர்.) ஸ்கேன் ஆகவில்லையா? 2018-இலிருந்து வந்த நம் புதிய பாடநூல்களில் பல பிரதிகள் கசங்கியும் அச்சு மங்கியும் போய்விட்டன. அந்தக் கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஆறு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். அதைத் திக்‌ஷாவில் தட்டினால் அதே பாடம் வரும். இது தெரியாமல் புத்தகத்தை ஒளியில் சாய்த்துச் சாய்த்து நேரம் போக்குகிறோம்.

போனின் ஹாட்ஸ்பாட் லேப்டாப்பில் தெரியவே இல்லை என்றால், போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பரப்பிக்கொண்டிருக்கும். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் பிடிக்கும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-க்கு மாற்றுங்கள். இணைந்த பிறகு, லேப்டாப்பின் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் புதுப்பிப்பு பின்னணியில் ஓடி உங்கள் அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும். வீடியோவின் தரத்தை 360-க்குக் குறைத்தாலும் படங்கள் புரியும்.

அறிகுறி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்கிறது

இது ஜூன் மாத நோய். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஆய்வகக் கணினிகளில் வரும். வைரஸ் என்று பயந்து அணைத்து வைத்துவிடுவார்கள். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் இருக்கும்.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும்' என்ற சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே விடுகிறது. கணினியின் தேதி தப்பாக இருந்தால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேதியைச் சரிசெய்யுங்கள், தளங்கள் திறக்கும்.

அணைத்துப் போட்டதும் மறுபடி தேதி பின்னால் போனால், கணினியின் தாய்ப்பலகையில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள் (20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன் என்பதுதான் அந்த எண்). பிளக்கைப் பிடுங்கியபின் மாற்ற வேண்டும். கழற்றிய பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிடாதீர்கள். சின்னக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. தொடக்கப் பள்ளியில் இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

அறிகுறி: பென்டிரைவில் கோப்புகள் காணோம், எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக இருக்கின்றன

வைரஸ். அந்தச் சின்னங்களைச் சொடுக்காதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேதான் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வைரஸ் நீக்கியால் சோதித்து, பென்டிரைவை முழுக்க அழித்துவிடுங்கள். பென்டிரைவை ஊர் முழுக்கச் சுற்ற விட வேண்டாம். பாடத்துக்கென்று ஒன்றைத் தனியாக வையுங்கள்.

பெரிய வீடியோ ஏறவில்லையா? எஃப்.ஏ.டி. 32 முறையில் அமைத்த பென்டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. வீடியோவில் ஒலி மட்டும் வந்து படம் வராவிட்டால் வி.எல்.சி. பிளேயரில் திறந்து பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் நன்றாக ஓடுகிறது, வகுப்பு மட்டும் எங்கோ இருக்கிறது

இந்த நோட்டில் நான் கடைசியாக எழுதியதும், எனக்கு மிக முக்கியமானதும் இதுதான். கருவிகளெல்லாம் பழகிய பிறகுதான் இந்தக் கோளாறு கண்ணில் பட்டது. பன்னிரண்டு நிமிட வீடியோ. பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள். முடிந்ததும் "இரத்தம் நுரையீரலுக்கு ஏன் போகிறது?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் பார்த்தது உண்மை. யோசிக்க நான் இடமே கொடுக்கவில்லை.

இப்போது செய்வது இப்படி. வீடியோவை முதலில் ஒலி இல்லாமல் ஓட்டுகிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட விடுவதில்லை. வால்வு மூடப் போகும் இடத்தில் நிறுத்தி, "இனி இரத்தம் எந்தப் பக்கம் போகும்? நோட்டில் அம்புக்குறி போடு" என்கிறேன். போட்ட பிறகுதான் ஓட்டுவேன். தன் அம்புக்குறி சரியா என்று பார்க்க ஆவலோடு நிமிர்கிற நாற்பது முகங்களை அப்போது பார்க்கலாம். பிறகு தாளைக் குழாயாகச் சுருட்டிப் பக்கத்தில் இருப்பவர் முதுகில் வைத்துக் கேட்கச் சொல்கிறேன். 'லப்' என்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வுகள் மூடும் ஓசை, 'டப்' என்பது இரத்தம் வெளியேறும் வாயில்களில் உள்ள வால்வுகள் மூடும் ஓசை. கடைசியாக ஒலியற்ற வீடியோவை மறுபடி ஓட்டி, லப்-டப்பைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்கிறேன். வால்வோடு சரியாகச் சேர்ந்து சொன்னால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் தனியாகத் தேர்வு வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

மணற்கேணி செயலி, கல்வித் தொலைக்காட்சி வீடியோக்கள் எதுவானாலும் முதல் நாள் முழுவதும் பார்த்து, எங்கே நிறுத்துவது என்பதை நிமிடக் கணக்கோடு பாடக்குறிப்பில் எழுதி வையுங்கள். எதைக் கையால் செய்ய முடியுமோ அதைத் திரையில் காட்டாதீர்கள். விதை முளைப்பதை ஈரப் பஞ்சில் காட்டலாம். இதயத்தைத் திறந்து காட்ட முடியாது. திரை அதற்குத்தான்.

அறிகுறி: கருவியைத் தொடவே கை வர மறுக்கிறது

இதுவும் கோளாறுதான், நமக்குள் இருப்பது. பிள்ளைகள் முன்னால் தெரியாமல் நிற்பது மரியாதைக் குறைவு என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். நான் செய்தது இரண்டு. பள்ளி விட்டபிறகு, ஆளில்லாத வகுப்பில், அதே லேப்டாப், அதே ஒயர், அதே சுவரில் வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் பழகினேன். வீட்டில் பழகியது வகுப்பில் உதவவில்லை, ஏனென்றால் கோளாறு வருவது இணைக்கும் இடத்தில்.

இரண்டாவது, வாரத்துக்கு இரண்டு மாணவர்களைப் பொறுப்பாக வைத்தேன். ஒருவர் ஒயருக்கு, ஒருவர் ஒலிக்கு. சுவர் சுவிட்சையும் பிளக்கையும் தொடுவது நான் மட்டும். இதில் ஒன்றை மட்டும் கவனித்துச் செய்யுங்கள். தானாக விட்டால் பையன்கள்தான் ஒயரிடம் ஓடி வருவார்கள், பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாருக்கும் முறை வைத்தோம். பேசவே தயங்கும் ஒரு மாணவி இப்போது 'நோ சிக்னல்' வந்தால் என்னைக் கேட்காமலே 'சோர்ஸ்' பொத்தானை அழுத்திவிட்டு ஐந்து விநாடி எண்ணுகிறாள்.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால்

பழுது பார்ப்பவரை அழையுங்கள். அழைக்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: கருவியின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணும் வரிசை எண்ணும், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது, நிலையாக எரிகிறதா மினுக்குகிறதா, திரையில் வரும் வாசகம் என்ன, எப்போதிலிருந்து, நீங்கள் இதுவரை எதையெதை மாற்றிப் பார்த்தீர்கள். திரையையும் விளக்கையும் படம் பிடித்து அனுப்புங்கள். வெறுமனே "வேலை செய்யலை" என்று சொன்னால் அவர் நேரில் வரும்வரை எதுவும் நடக்காது. இந்த விவரங்களோடு சொன்னால் பல நேரம் போனிலேயே தீர்த்துவிடுகிறார், அல்லது வரும்போதே சரியான உதிரிப்பாகத்தோடு வருகிறார். அவர் வந்து பார்க்கும்போது பக்கத்தில் நின்று என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். அன்றே நோட்டில் எழுதி, அந்த நோட்டைப் பீரோவில் பூட்டாமல் கருவியின் பக்கத்திலேயே வையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் இடத்துக்கு வரும் ஆசிரியருக்கும் அது கிடைக்கும்.